சினிமா பார்த்து நீங்கள் கற்றுக்கொண்ட வாழ்க்கைப் பாடம் என்ன?

இந்தக் கேள்விக்குப் பலரும் பஞ்ச் வசனங்களைத்தான் பதிலாக எழுதுவார்கள். எனக்கு அவை தியேட்டர் வாசலைத் தாண்டியதில்லை. மனதில் தங்கியதெல்லாம் பணம் காசு சமாச்சாரம்தான்: வீட்டுக்கு எப்படிக் கொடுப்பது, எதில் கையெழுத்துப் போடக் கூடாது, கட்டட வேலையில் யார் நின்று பார்ப்பது.

விசுவின் ‘சம்சாரம் அது மின்சாரம்’ (1986) படத்தில் வீட்டுக்கு நடுவே கோடு கிழிக்கும் காட்சியை மறந்தவர்கள் இருக்க மாட்டார்கள். ஆனால் அந்தக் கோடு விழுந்ததற்குப் பெரிய துரோகம் எதுவும் காரணமில்லை. மூத்த மகன் சிதம்பரம் (ரகுவரன்) கணக்குப் பார்த்து வீட்டுக்குக் கொடுக்கும் பணத்தைக் குறைக்கிறான். அப்பா அம்மையப்பன் ரோஷக்காரர். பேச்சு முற்றி, வீடு இரண்டாகிறது. கடைசியில் எல்லோரும் சமாதானமாகி, மறுபடி ஒன்றாக இருக்கலாம் என்று வரும்போது, மூத்த மருமகள் உமா (லட்சுமி) வேண்டாம் என்கிறாள். தனித்தனியாக இருந்துகொண்டு, வந்து போய் நல்லபடியாக இருப்போம் என்பது அவள் கட்சி. குடும்பப் படம் என்றால் கடைசியில் எல்லோரும் சேர்ந்து நின்று சிரிக்க வேண்டும் என்ற வழக்கத்தை அந்த ஒரு காட்சி மீறியது. படத்தின் மற்ற உபதேசங்கள் எல்லாம் எனக்கு ஒப்புதல் என்று சொல்ல மாட்டேன். ஒட்டவைக்கிற வேலை முழுக்கப் பெண்கள் தலையில்தான் விழுகிறது.

தம்பிக்குக் கல்யாணம் ஆனதும் நான் பக்கத்துத் தெருவுக்குக் குடிபோனதற்கு உமாவும் ஒரு காரணம். “அண்ணன் தம்பிக்குள்ள என்ன தகராறு?” என்று சொந்தக்காரர்கள் துருவினார்கள். தகராறு வருவதற்கு முன்னால் போய்விட்டோம், அவ்வளவுதான். மாதம் பிறந்ததும் அம்மா கணக்குக்குப் பணம் போய்விடும். தம்பி எவ்வளவு கொடுக்கிறான் என்று நான் விசாரிப்பதில்லை. என்ன செலவு என்று அம்மாவிடமும் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் சாப்பாடு.

அடுத்தது ‘மகாநதி’ (1994). பலருக்கு அதன் பின்பாதி நினைத்தாலே கலங்கும். எனக்கு முன்பாதிதான் பயம். கும்பகோணம் பக்கத்தில் மரியாதையாக வாழ்ந்த கிருஷ்ணசாமி, பட்டணத்தில் சீட்டுக் கம்பெனியில் கூட்டுச் சேர்கிறார். பணத்தைச் சுருட்டியவன் வெளியே திரிய, இவர் சிறைக்குப் போகிறார். படம் வந்து கொஞ்ச காலத்திலேயே தமிழ்நாட்டில் நிதி நிறுவனங்கள் வரிசையாக மூழ்கி, முதலீட்டாளர் நலன் காக்க 1997-இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று.

அந்தப் படம் பார்த்ததிலிருந்து, அடுத்தவர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து என்றால் நான் இல்லை. “சும்மா ஒரு ஃபார்மாலிட்டி மாப்ள” என்பார்கள். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தாலொழிய, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன் போட்டவருக்கும் அவ்வளவு பொறுப்பு. இதை நான் சொன்னால் உறவு கசக்கும் என்பதால், “வீட்டில் கேட்க வேண்டும்” என்று சொல்லி நழுவிவிடுவேன். என் மனைவிக்கு இதில் கெட்ட பெயர்தான், அவள் கண்டுகொள்வதில்லை.

‘சதுரங்க வேட்டை’ (2014) பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். மண்ணுள்ளிப் பாம்பைக் கோடிக்கணக்கில் வாங்க ஆள் இருக்கிறது என்று நம்புகிற செட்டியாரைப் பார்த்துச் சிரித்த அதே ஆட்கள்தான், பணத்தை இரட்டிப்பாக்கும் ஆப் லிங்க்கை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள்.

கைமேல் பலன் கொடுத்தது பாலுமகேந்திராவின் ‘வீடு’ (1988). அர்ச்சனாவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த படம். வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டிய நெருக்கடியில் சுதா என்ற பெண் சொந்த வீடு கட்டத் தொடங்குகிறாள். பணம் போதாது, ஆட்கள் சரியில்லை. காண்ட்ராக்டர் சிமெண்ட்டில் கை வைப்பதை அவளுக்குச் சொல்வது அங்கே வேலை செய்யும் மங்கம்மாதான். இவ்வளவும் தாண்டினால், மனையையே அரசு எடுத்துக்கொண்டதாக வந்து நிற்கிறார்கள்.

நாங்கள் கட்டியபோது சிமெண்ட் லோடு இறங்கும் நேரத்தில் வீட்டு ஆள் ஒருவர் கட்டாயம் நின்றோம். சாயங்காலம் காலிச் சாக்குகளை எண்ணி, மிச்சமிருக்கும் மூட்டையோடு கூட்டி, நோட்டில் எழுதுவோம். கான்கிரீட் போடும் நாளில் கலவை மெஷின் பக்கத்தில் அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். ஒரு மூட்டைக்கு எத்தனை சட்டி மணல், எத்தனை சட்டி ஜல்லி என்று சுவரில் கரியால் கோடு போட்டுக்கொண்டே வந்தார். மேஸ்திரிக்கு மூக்குக்கு மேல் கோபம். “எங்களை நம்பலையா சார்?” என்றார். “நம்பாமலா வேலை கொடுத்தோம்? எனக்குப் பொழுதுபோகல, அதான்” என்றார் அப்பா. ஆனால் உண்மையான நிலவரம் தெரிந்தது சித்தாள் அக்காவிடம் டீ குடிக்கும்போது பேச்சுக் கொடுத்துத்தான். கான்கிரீட் நன்றாக இறுகத் தண்ணீர் ஊற்றி ஈரமாக வைத்திருக்கும் க்யூரிங் ஒழுங்காக நடக்கவில்லை என்று அவர்தான் சொன்னார்.

மனை வாங்கும் முன் வில்லங்கச் சான்றிதழோடு நிறுத்தாமல், அந்தச் சர்வே எண்ணில் நில எடுப்பு ஏதும் உண்டா என்று தாலுகா அலுவலகம் வரை போய் விசாரித்ததும் இந்தப் படத்தால்தான். அலைச்சல்தான், ஆனாலும் செய்யுங்கள். வீடு கட்டும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், அஸ்திவாரம் தோண்டும் முன் இந்தப் படத்தைப் பார்த்துவிடுங்கள். கட்டி முடித்த பிறகு பார்த்தால் வயிறுதான் எரியும்.