வாசகர் கேள்வி – பதில்: படம் பார்த்து அழுத மகள்

கேள்வி: குழந்தைகளின் உணர்ச்சிகளை அழகாகச் சொல்லும் படம் என்று பலரும் பாராட்டியதால், ‘இன்சைடு அவுட்’ அனிமேஷன் படத்தை என் ஏழு வயது மகளுக்குக் காட்டினேன். கற்பனைத் தோழன் பிங் பாங் மறைந்துபோகும் இடத்தில் அவள் விம்மி விம்மி அழுததால் படத்தை நிறுத்திவிட்டேன். இந்த வயதில் காட்டியது தவறா? இரண்டாம் பாகத்தையும் கேட்கிறாள்; காட்டலாமா?

பதில்: தவறே இல்லை. நிறுத்திய இடத்திலிருந்து தொடங்கி, முடிவுவரை அவளுடன் உட்கார்ந்து பாருங்கள். அவளுடைய அழுகைக்குப் படம் தரும் பதில் அதற்குப் பிறகுதான் வருகிறது.

பிக்ஸார் நிறுவனத்துக்காகப் பீட் டாக்டர் இயக்கி 2015-இல் வெளியான இப்படத்தில், பதினொரு வயது ரைலி பெற்றோருடன் மினசோட்டாவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயர்கிறாள். அவள் மனத்துக்குள் மகிழ்ச்சி, சோகம், கோபம், பயம், அருவருப்பு ஆகிய ஐந்தும் பாத்திரங்களாக இருந்து அவளை இயக்குகின்றன. தலைமைப் பொறுப்பிலிருக்கும் மகிழ்ச்சி, சோகத்தை ஒரு தொந்தரவாகவே கருதி, தரையில் ஒரு வட்டம் வரைந்து அதற்குள்ளேயே நிற்கச் சொல்கிறது. அழும் பிள்ளையிடம் ‘ஒன்றுமில்லை, கண்ணைத் துடை’ என்று சொல்லி உடனே கவனத்தைத் திருப்பும் பெற்றோரும், அன்பின் காரணமாகவே என்றாலும், அதே வட்டத்தைத்தான் வரைகிறோம்.

பிங் பாங் தன் வண்டியை இழந்து இடிந்துபோய் உட்காரும் காட்சியை மகளுக்கு மறுபடியும் காட்டுங்கள். மகிழ்ச்சி வேடிக்கை காட்டியும் கிச்சுகிச்சு மூட்டியும் பயனில்லாதபோது, சோகம் அவன் அருகில் அமர்ந்து, அவன் விரும்பிய ஒன்று பறிபோனதை ஒப்புக்கொண்டு, அவன் சொல்வதைக் கேட்கிறது. அழுது முடித்ததும் அவனே எழுந்து நடக்கிறான். உளவியலாளர்கள் பால் எக்மன், டேக்கர் கெல்ட்னர் ஆகியோரின் ஆலோசனையுடன் உருவான படம் இது என்பதற்கு, என் பார்வையில், இக்காட்சியே போதிய சான்று. சோகம் பிறரை நம் அருகே அழைக்கிறது என்ற உண்மையை இதைவிடத் தெளிவாக ஒரு குழந்தைக்குச் சொல்வது கடினம். இறுதியில் ரைலி பெற்றோர் முன் உடைந்து அழும்போது, மகிழ்ச்சியின் மஞ்சளும் சோகத்தின் நீலமும் கலந்த புதிய நினைவுக் கோளம் ஒன்று (படத்தில் ஒவ்வொரு நினைவும் ஒரு வண்ண உருண்டை) உருவாகிறது. மகிழ்ச்சியும் சோகமும் ஒரே நினைவில் சேர்ந்திருக்க முடியும் என்பதை மகள் கண்ணாலேயே பார்ப்பாள்.

படம் முடிந்ததும் பாடம் நடத்தாதீர்கள். ‘பிங் பாங் போனபோது உனக்கு எப்படி இருந்தது?’ என்று மட்டும் கேட்டுவிட்டு, அவள் பேசும்வரை பொறுத்திருங்கள், பேசாவிட்டாலும் பரவாயில்லை.

2024-இல் வெளியான இரண்டாம் பாகத்தில் ரைலிக்கு 13 வயது. பதற்றம், பொறாமை, சலிப்பு, கூச்சம் ஆகியவை புதிதாகச் சேர்கின்றன. படத்தில் பயமுறுத்தும் வன்முறை இல்லை. ஆனால், தோழிகளிடையே இடம்பெறத் தவிக்கும் பருவத்தின் கதை என்பதால், ஏழு வயதுக் குழந்தைக்கு அதன் பெரும்பகுதி பிடிபடாது. ஐஸ் ஹாக்கி ஆட்டத்தின்போது பதற்றம் முற்றி ரைலி மூச்சுத்திணறும் காட்சி சற்றே நீளமானது. முதல் பாகத்தை அவள் முழுமையாகப் பார்த்து, அதைப் பற்றி உங்களுடன் பேசவும் தொடங்கிய பிறகு காட்டுங்கள். அந்தக் காட்சி வரும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள்.