விமானம் லேட்டானால் காசு கிடைக்குமா? – வாசகர் கேள்வி பதில்

விமானத் தகராறு பற்றி நிறைய கடிதங்கள் சேர்ந்துவிட்டதால், இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அய்யா, அக்கா மகன் கல்யாணத்துக்காகச் சென்னையிலிருந்து டெல்லிக்கு நாலு பேருக்கு டிக்கெட் போட்டிருந்தோம். ராத்திரி எட்டரைக்குக் கிளம்ப வேண்டிய விமானம் விடிகாலை மூன்றே முக்காலுக்குத்தான் கிளம்பியது. முதலில் ஒன்பதரை என்றார்கள், பிறகு பத்தரை, அப்புறம் பன்னிரண்டு. ஆளுக்கு ஒரு சாண்ட்விச் கொடுத்ததோடு சரி. எழுபது வயதான என் அம்மா ராத்திரி முழுக்க நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்துவிட்டது. ஆறு மணி நேரத்துக்கு மேல் லேட்டானால் ஆளுக்குப் பத்தாயிரம் தர வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. கம்பெனியில் கேட்டால் அப்படி எந்த விதியும் இல்லை என்கிறார்கள். யார் சொல்வது சரி?
– வாசகர், மன்னார்குடி

பதில்: கம்பெனி சொன்னது உண்மைதான், ஆனால் அவர்களுக்குத் தோதான பாதியை மட்டும் சொல்லியிருக்கிறார்கள். உள்நாட்டு விமானம் தாமதமானால் இத்தனை மணிக்கு இத்தனை ரூபாய் என்று நம் ஊரில் விதி கிடையாது. அந்தப் பத்தாயிரம் வேறு கணக்கு. 24 மணி நேரத்துக்கு முன்னால் சொல்லாமல் விமானத்தை ரத்து செய்தால், பறக்கும் நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500, 10,000 ரூபாய் என்று மூன்று படி வைத்திருக்கிறார்கள். அதிலும் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை இதைவிடக் குறைவாக இருந்தால் அந்தக் குறைவான தொகைதான் வரும். யாரோ ரத்துக்கான விதியைத் தாமதத்தோடு முடிச்சுப் போட்டு அனுப்பிவிட்டார்கள், அது குடும்பக் குழு குடும்பக் குழுவாகச் சுற்றுகிறது.

சரி, தாமதத்துக்கு என்னதான் உண்டு? விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ-யின் விதிப்படி, இரண்டரை மணி நேரம் வரை பறக்கும் விமானம் இரண்டு மணி நேரம் தாமதமாகும் என்றாலே சாப்பாடும் குடிக்க ஏதாவதும் தர வேண்டும். சென்னை–டெல்லி அதைவிடக் கொஞ்சம் நீளம், அதனால் உங்களுக்கு மூன்று மணி நேரத் தாமதத்தில் அந்த உரிமை வந்துவிடுகிறது. ஆறு மணி நேரத்துக்கு மேல் போகும் என்றால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம், இரண்டில் ஒன்றை நீங்கள் கேட்கலாம். அடுத்தது உங்களுக்கென்றே எழுதியது போன்ற ஒரு விதி: இரவு 8 மணிக்கும் விடிகாலை 3 மணிக்கும் இடையே கிளம்ப வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், ஓட்டல் அறையும் அங்கே போய்வர வண்டியும் இலவசமாகத் தர வேண்டும். உங்கள் விமானம் எட்டரை மணி விமானம், தாமதம் ஏழே கால் மணி நேரம். அம்மாவுக்குக் கட்டில் கிடைத்திருக்க வேண்டும்.

கம்பெனிக்காரர்கள் எப்படித் தப்பிக்கிறார்கள் என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஒன்பதரை, பத்தரை, பன்னிரண்டு என்று துண்டு துண்டாகத் தள்ளினால், எந்த நிமிடத்திலும் 'ஆறு மணி நேரம் ஆகும் என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது' என்று யாரும் சொல்லிவிட முடியாது. அதனால்தான் அந்த ராத்திரியில் வந்த எஸ்எம்எஸ் ஒவ்வொன்றும் முக்கியம். அழித்துவிடாதீர்கள். முதல் செய்தி எத்தனை மணிக்கு வந்தது, அதில் என்ன நேரம் போட்டிருந்தது என்று வரிசையாக ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சாண்ட்விச் கூப்பன் சட்டைப் பையில் கிடந்தால் அதையும் வைத்திருங்கள், அதில் நேரம் அச்சாகியிருந்தால் அதுவே ஒரு சாட்சி.

அடுத்து, தாமதத்துக்கு என்ன காரணம் என்று கம்பெனியில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். புயல், பனிமூட்டம், வான்வழிக் கட்டுப்பாட்டு அறையின் உத்தரவு, கலவரம் போன்றவை என்றால் ஓட்டல், நஷ்ட ஈடு என்ற பேச்சிலிருந்து அவர்கள் நழுவ இடம் உண்டு. போகி அன்று காலையில் சென்னையில் பழைய பாயும் டயரும் எரிந்த புகையில் ஓடுபாதை தெரியாமல் விமானங்கள் நின்ற கதை நமக்குத் தெரியாததா. ஆனால் ஆள் பற்றாக்குறை, முந்தைய விமானம் வந்து சேரவில்லை என்பதெல்லாம் வானிலை ஆகாது. பதில் வரவில்லை, அல்லது மழுப்பலாக வந்தது என்றால், மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் பதியுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம்தான். அதைப் பற்றிக் கீழே திருவாரூர் வாசகருக்குச் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: என் கணவர் சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு வந்தார். விமானம் பத்து மணி நேரம் லேட். வந்து பெல்ட்டில் நின்றால் பெட்டி வரவில்லை. என் வளைகாப்புக்கு வாங்கிய சேலையும் நகைப்பெட்டியும் அதில்தான். ஐந்து நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள், பூட்டு உடைந்திருந்தது. எதற்கு என்ன கேட்பது என்றே தெரியவில்லை.
– வாசகி, நாகப்பட்டினம்

பதில்: அம்மா, வெளிநாட்டு விமானம் என்றால் சட்டம் வேறு. 1999-ல் போட்ட மான்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியா 2009-ல் சேர்ந்தது, சிங்கப்பூரும் அதில் இருக்கிறது. அதன்படி தாமதத்தால் உண்மையில் நஷ்டம் ஏற்பட்டிருந்தால் கம்பெனி தர வேண்டும். தாமதத்தைத் தவிர்க்க நியாயமாகச் செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்தோம் என்று அவர்கள் நிரூபித்தால்தான் தப்பிக்கலாம். நிரூபிக்கும் பாரம் அவர்கள் தலையில் என்பதைக் கவனியுங்கள். ஆனால் நஷ்டத்துக்குக் கணக்கு வேண்டும்: அவசரத்துக்கு வாங்கிய துணியின் பில், கூடுதலாகக் கொடுத்த டாக்ஸிக் காசு, இப்படி.

பெட்டி விஷயத்தில் நாள் கணக்குதான் உயிர். பெட்டியோ உள்ளே இருந்ததோ சேதமாகியிருந்தால், கையில் கிடைத்த 7 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தாமதமாக வந்ததற்கு, கிடைத்த நாளிலிருந்து 21 நாள் இருக்கிறது. இரண்டும் உங்களுக்குப் பொருந்துவதால் பூட்டு உடைந்ததை முதலில் எழுதுங்கள், இன்றைக்கே. திருச்சியில் இறங்கியதும் கவுன்ட்டரில் ஒரு தாள் எழுதிக் கொடுத்திருப்பார்களே, பி.ஐ.ஆர். என்று மேலே போட்டிருக்கும், அதன் எண்ணைக் குறிப்பிடுங்கள். போர்டிங் பாஸில் ஒட்டிய பெட்டி ஸ்டிக்கரும் பத்திரம். உச்சவரம்பை எஸ்.டி.ஆர். என்ற சர்வதேசக் கணக்கில் வைத்திருக்கிறார்கள், ஒரு எஸ்.டி.ஆர். நூறு ரூபாய்க்கு மேல். 2024 டிசம்பர் 28-லிருந்து அது ஒரு பயணியின் பெட்டிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 1,519 எஸ்.டி.ஆர்., பயணியின் தாமதத்துக்கு 6,303 எஸ்.டி.ஆர். இது உச்சவரம்புதான், கேட்டதும் முழுசாகத் தூக்கிக் கொடுக்கும் தொகை என்று நினைத்துவிடாதீர்கள்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: நகையை யாராவது செக்-இன் பெட்டியில் போடுவார்களா? நகைக்குப் பொறுப்பில்லை என்று கம்பெனிகள் டிக்கெட் நிபந்தனையிலேயே எழுதி வைத்துவிடுகின்றன. வாதாடலாம், ஆனால் கஷ்டம். அடுத்த முறை அது கைப்பையிலேயே வரட்டும்.

கேள்வி: மகள் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து சென்னைக்கு வந்த விமானம் ஐந்து மணி நேரம் தாமதம். கூட வந்தவர்கள் ஐரோப்பாவில் 600 யூரோ கிடைக்கும் என்றார்களாம். கதையா?
– வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: கதை இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும் விமானம் எந்த நாட்டுக் கம்பெனியுடையதாக இருந்தாலும் இது பொருந்தும். 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம், போய்ச் சேர்வதில் நாலு மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் 600 யூரோ. கம்பெனியின் கையை மீறிய காரணம் என்றால் மட்டும் கிடையாது. கம்பெனியின் இணையதளத்திலேயே விண்ணப்பம் இருக்கும், மகளையே நிரப்பச் சொல்லுங்கள். பாதிப் பங்கு கேட்கும் இடைத்தரகர்கள் வேண்டாம். திரும்பிப் போகும்போது சென்னையிலிருந்து கிளம்பும் விமானம் தாமதமானால், அது ஐரோப்பியக் கம்பெனியாக இருந்தால்தான் இந்த விதி.

கேள்வி: கும்பகோணத்தில் ராத்திரி ரயில் ஏறி, காலையில் சென்னையில் விமானம் பிடிக்க வேண்டும். ரயில் மூன்றரை மணி நேரம் லேட், விமானம் போய்விட்டது. டிக்கெட் காசு அவ்வளவும் போச்சா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: கட்டணம் பெரும்பாலும் போனதுதான், விமானக் கம்பெனி மேல் தப்பில்லை. ஆனால் நீங்கள் பறக்காதபோது அரசு வரியையும் விமான நிலையக் கட்டணங்களையும் அவர்கள் திருப்பித் தந்தாக வேண்டும், சலுகை விலை டிக்கெட்டாக இருந்தாலும். கேட்காவிட்டால் தர மாட்டார்கள். ரயில்வேயிடமும் கேட்கலாம். ரயில் தாமதத்தால் ஜம்முவில் விமானத்தைத் தவறவிட்ட ஒருவருக்கு ரயில்வே நஷ்ட ஈடு தர வேண்டும் என்று 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தாமதத்துக்குத் தக்க காரணத்தை ரயில்வேதான் நிரூபிக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பு. ஆனாலும் சொல்கிறேன், டெல்டாவிலிருந்து போகிறவர்கள் முந்தின நாளே சென்னை போய்விடுங்கள், இல்லையா, திருச்சியிலிருந்தே ஏற முடியுமா என்று பாருங்கள்.

கேள்வி: என் டிக்கெட்டில், வழக்கு என்றால் வடக்கே உள்ள ஓர் ஊர் நீதிமன்றத்தில்தான் போட முடியும் என்று பொடி எழுத்தில் இருக்கிறது. ஆறாயிரம் ரூபாய் டிக்கெட்டுக்கு வக்கீல் வைத்து அவ்வளவு தூரம் போக முடியுமா?
– வாசகர், திருவாரூர்

பதில்: போக வேண்டாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-வது பிரிவில், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம் என்று இருக்கிறது. பொடி எழுத்தைக் காட்டிக் கம்பெனி வக்கீல் வாதாடுவார், வாதாடட்டும். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ருதி தளத்தில் ஆன்லைனிலேயே பதியலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஒரு முறை பேசிப் பாருங்கள், தமிழிலேயே பேசலாம், சில சமயம் அங்கேயே முடிந்துவிடும்.

ஆறாயிரம் ரூபாய் டிக்கெட்டுக்குப் பத்து லட்சம் மன உளைச்சல் என்று எழுதாதீர்கள், அப்படிப் போடுகிறவர்கள் நிறைய. செலவான காசுக்கு பில்லை இணைத்து, மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை, வழக்குச் செலவு என்று கேளுங்கள். டிக்கெட், போர்டிங் பாஸ், எஸ்எம்எஸ் படங்கள், நீங்கள் எழுதிய மின்னஞ்சல், அவர்கள் பதில், இவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி, பதிவுத் தபாலில் கம்பெனிக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பி 15 நாள் அவகாசம் கொடுங்கள். தபால் ரசீதையும் அதே கட்டில் வையுங்கள்.