வைட்டமின், ஸ்டீராய்டு, எதிர்ப்பு சக்தி: கேள்வி பதில்

லாஸ்பேட்டை: தினமும் காலை 6 மணிக்கு பீச் ரோட்டில் நடக்கிறேன். அப்படியும் வைட்டமின் டி 14தான். ஏன்?

அந்த வெயிலில் வைட்டமின் டி உண்டாகாது. அதற்குத் தேவை வெயிலில் உள்ள யு.வி.பி. என்ற புற ஊதாக் கதிர், சூரியன் தாழ்வாக இருக்கும்போது அது தரைக்கு வந்து சேர்வதே இல்லை என்று சொல்லலாம். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக விழும் நேரம்தான் கணக்கு. ரத்தத்தில் ஒரு மி.லி.க்கு 20 நானோகிராமுக்குக் கீழே போனால் குறைபாடு. வழக்கமாக 60,000 யூனிட், வாரத்துக்கு ஒன்று, 8 வாரம் எழுதித் தருவார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள்; கொழுப்போடு சேர்ந்தால்தான் நன்றாக உறிஞ்சும். எலும்புக்கு மட்டுமல்ல இது. காசநோய்க் கிருமியை விழுங்கிய மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளையணு, வைட்டமின் டியைத் தானே வீரியமாக்கி, கேத்தலிசிடின் என்ற கிருமிக்கொல்லிப் புரதத்தைச் சுரக்கிறது.

கடலூர் முதுநகர்: மூட்டுவலிக்கு 3 மாதமாக பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. முகம் உப்பிவிட்டது. நிறுத்திவிடவா?

சட்டென்று நிறுத்தவே கூடாது. 3 வாரம் தாண்டினால் அட்ரினல் சுரப்பி, உடம்பின் சொந்த ஸ்டீராய்டான கார்டிசாலைக் குறைத்துக்கொள்கிறது. மாத்திரையும் நின்று காய்ச்சலும் வந்தால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் சரிவு என்று உயிருக்கே ஆபத்து. எழுதிக் கொடுத்த டாக்டரே படிப்படியாகக் குறைக்கட்டும்.

நெல்லிக்குப்பம்: சளி வராமலிருக்க வைட்டமின் சி மாத்திரை?

தடுக்காது. கொய்யா சாப்பிடுங்கள்.

வில்லியனூர்: ஸ்டீராய்டு எதிர்ப்பு சக்தியை அடக்கும் என்றால் கொரோனாவுக்கு ஏன் கொடுத்தார்கள்?

அடக்கத்தான் கொடுத்தார்கள். ஆக்சிஜன் தேவைப்படும் கட்டத்தில் நுரையீரலைக் கெடுப்பது பெரும்பாலும் நம் உடம்பின் அழற்சிதான். 2020இல் பிரிட்டனில் நடந்த ரெகவரி ஆய்வில் தினம் 6 மி.கி. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, 10 நாள் வரை கொடுத்தார்கள். ஆக்சிஜனில் இருந்தவர்களிடம் சாவு குறைந்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலனில்லை.

வில்லியனூர் மறுபடியும்: முதல் நாளே கொடுத்தால் அந்தக் கட்டமே வராதே?

இல்லை. முதல் வாரம் வைரஸ் பெருகும் நேரம். அப்போது வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரான் புரதமும் டி செல் என்ற வெள்ளையணுவும் வேலை செய்தாக வேண்டும். ஸ்டீராய்டு செல்லின் உட்கருவுக்குள் போய் அழற்சி மரபணுக்களை அணைத்துவிடும். கிருமிக்கு வழி திறக்கும். சர்க்கரையும் ஏறும். 2021இல் கருப்புப் பூஞ்சை பரவியதில் இந்த இரண்டுக்கும் பெரிய பங்கு உண்டு.

பண்ருட்டி: படர்தாமரைக்கு மெடிக்கலில் தந்த க்ரீம் போட்டால் அடங்குகிறது, விட்டால் பரவுகிறது.

ட்யூபில் குளோபீட்டசால் என்று இருக்கிறதா பாருங்கள். அது ஸ்டீராய்டு. அரிப்பு அடங்கும், பூஞ்சை உள்ளே வளரும். தோல் டாக்டரிடம் போங்கள்.

சிதம்பரம்: ஸ்டீராய்டு மாத்திரையை நானே நிறுத்தலாமா?

முதுநகருக்குச் சொன்னதேதான். கூடாது.

நெய்வேலி: அந்த 60,000 யூனிட்டை ஒன்றரை மாதமாகத் தினமும் போடுகிறேன். தாகம், வாந்தி, மலச்சிக்கல்.

இதை இன்றே நிறுத்துங்கள். ரத்தத்தில் கால்சியம் ஏறியிருக்கலாம். கால்சியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், வைட்டமின் டி மூன்றும் இன்றைக்கே பாருங்கள். கால்சியம் மாத்திரை எடுத்தால் அதுவும் வேண்டாம். ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.