நெற்றியில் விழுந்த கோடு

அன்புள்ள ஐயா,
மாங்குளத்தில் சித்திரம் கற்பிக்கிறேன். வான்கோ வரைந்த மருத்துவர் காஷேயின் உருவப்படத்தை உயர்தர வகுப்பு மாணவருக்கு விளக்கவேண்டும். நீலம் துயரத்தின் குறியீடு, மேசையிலுள்ள பூ மரணத்தின் குறியீடு என்று குறிப்பெழுதியிருக்கிறேன். சரிதானா?
ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது அப்பாவின் படத்தை மாட்டச் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

பூவை விடுங்கள். அது டிஜிட்டாலிஸ், இதய நோய்க்கு மருந்தெடுக்கும் செடி; தச்சருக்கு உளி போல வைத்தியருக்கு அது. நீலம் துயரம் என்ற வரியை மட்டும் இன்றே அழித்துவிடுங்கள். ஆங்கிலேயர் பேச்சில் நீலத்துக்குச் சோகம் உண்டு. செத்தவீட்டுக்கு வெள்ளைக்கொடி கட்டுகிற பிள்ளைகளுக்கு அதை ஏன் மனப்பாடம் செய்விக்கிறீர்கள்? 1890 ஜூனில் வரைந்த அந்தப் படத்தில் முதலில் பார்க்கவேண்டியது கை. முழங்கையை மேசையில் ஊன்றி, மடக்கிய கைமுட்டியில் கன்னத்தைச் சாய்த்து, தலையின் பாரம் முழுவதையும் அதில் இறக்கிவிட்டு உடல் சரிந்து கிடக்கிறது. உங்கள் மாணவரை ஐந்து நிமிடம் அப்படி இருக்கச் சொல்லுங்கள், விளங்கும். வான்கோ அவரை மறுபடியும் வரைந்தார். முதற்படத்தில் மேசைமீதிருந்த இரண்டு மஞ்சள் புத்தகங்கள் இரண்டாவதில் இல்லை. புத்தகங்கள் போனதால் துயரம் குறைந்ததா?

அப்பாவின் படம் 2004இல் வரைந்தது. கிளிநொச்சியில் பெயர்ப்பலகை எழுதும் ஒருவர், அடையாள அட்டைப் படத்தைப் பார்த்து, துணியில் எனாமல் பெயின்ற்றால் வரைந்து தந்தார். சாரத்தோடு வெறும் மேலுடன் திரிந்த மனிதருக்கு அவர் பையோடு வெள்ளைச் சேட்டு மாட்டிவிட, தபாற்கந்தோர் உத்தியோகத்தர் மாதிரி இருக்கிறேன் என்று அப்பா விழுந்துவிழுந்து சிரித்தார். 2009இல், யுத்தத்தின் கடைசி மாதங்களில், சட்டத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, துணியை மூன்றாக மடித்து அரிசிப்பையின் அடியில் வைத்துக்கொண்டு மாத்தளனிலிருந்து வெளியேறினோம். அப்பா வரவில்லை. மடித்த இடங்களில் பெயின்ற் வெடித்து, ஒரு கோடு நெற்றிக்குக் குறுக்கேயும் மற்றது சேட்டுப் பைக்கு மேலும் விழுந்தன. நகம் பட்டால் இன்றும் பொடி உதிரும்.

வீட்டுக்கு வருகிறவர்கள், நன்றாகப் படித்தவர்கள்கூட, அதன் முன் நின்று, "மனிசன்ரை கவலையை நெத்தியிலை எப்பிடிப் பிடிச்சிருக்கிறான்" என்று கீறியவரை மெச்சுகிறார்கள். "அது மடிப்பு" என்று சொல்லிவிட்டு அம்மா தேத்தண்ணி போடப் போய்விடுவார். சேட்டுப் பையிலுள்ள வெடிப்பைப் பற்றி இன்றுவரை ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை.