யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மாத்தளைப் பக்கம் ஒரு மிளகுத் தோட்டத்தில் இரண்டு நாள் தங்குகிறோம். சுற்றிவரப் பார்க்க ஏதாவது இருக்கிறதா, இல்லை சிகிரியாவுக்கே போய்விடலாமா?

சிகிரியா எங்கும் ஓடிப்போகாது, அதை அடுத்த முறை பாருங்கள். இந்த இரண்டு நாளும் ஏ9 வீதியில் நாலந்தாவுக்கும் மாத்தளை டவுனுக்கும் இடைப்பட்ட இருபத்தைந்து கிலோமீட்டருக்குள்ளேயே இருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வருவதாக எழுதியிருக்கிறீர்கள். தம்புள்ளை தாண்டியதும் பஸ்ஸில் எல்லாரும் தூங்கிவிடும் துண்டு அது. நான் அந்த வீதியோரத்தில் வளர்ந்தவன், எங்களுக்கும் கொஞ்சம் மிளகு இருக்கிறது. ஆகவே கொஞ்சம் ஊர்ப்பாசம் கலந்த பதில்தான்.

முதலில் தோட்டம். தேயிலை மலை தலை சீவிவிட்ட பிள்ளை மாதிரி இருக்கும். மாத்தளைத் தோட்டத்தில் அந்த ஒழுங்கைத் தேடாதீர்கள். கிளிரிசிடியா மரத்தில் மிளகுக்கொடி, மேலே பலாவும் கித்துள் பனையும், நடுவில் கராம்பும் சாதிக்காயும், நிழலில் கோப்பி, கொக்கோ. காடு என்றுதான் முதலில் நினைப்பீர்கள். பறிக்கும் காலமாக இருந்தால் காலையிலேயே வீட்டுக்காரரோடு போங்கள். முற்றிய கொத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்ததும் கொத்தோடு பறித்து, உதிர்த்து, படங்கில் காயப்போடுவார்கள். மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ஒரு கிலோதான் தேறும். மழை இருட்டினால் வீட்டில் உள்ள அத்தனை பேரும் படங்கைச் சுருட்ட ஓட வேண்டும். பிள்ளைகள் வந்தால் அந்த ஓட்டத்தைத்தான் ஊருக்குப் போய்ச் சொல்வார்கள். கொக்கோப் பழத்தை உடைத்து, விதையைச் சுற்றியுள்ள வெள்ளைச் சதையைச் சப்பக் கொடுங்கள். சாக்லட் வாசமே இருக்காது, புளிப்பும் இனிப்புமாக இருக்கும்.

வீதியோரத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கென்றே வைத்திருக்கும் ஸ்பைஸ் கார்டன்களுக்குள் போகாதீர்கள் என்பது என் கட்சி. சுற்றிக் காட்டுவதற்குக் காசு கேட்க மாட்டார்கள், எல்லாவற்றையும் கடைசியில் உங்களுக்கு விற்கும் எண்ணெய்ப் போத்தலின் விலையில் சேர்த்துவிடுவார்கள்.

நாலந்தா கெடிகே என்ற பழைய கட்டடம் பிரதான வீதியிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே. முழுக்கக் கருங்கல். தூரத்தில் வைத்துப் பார்த்தால் மாமல்லபுரத்துக் கோயில் ஒன்று வழிதவறி வந்துவிட்டதோ என்று தோன்றும். பல்லவர் பாணிக் கட்டடம், ஆனால் பௌத்த விகாரை. 8 முதல் 10ஆம் நூற்றாண்டுக்குள் எழுந்தது என்கிறார்கள். மகாவலித் திட்டத்தில் போவதென்ன நீர்த்தேக்கம் வந்தபோது தண்ணீருக்குள் போகவிருந்ததைக் கல் கல்லாகப் பிரித்து மேட்டில் திரும்பக் கட்டினார்கள். கூட்டமே இருக்காது.

டவுனுக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது அலுவிகாரை. அதுவரை வாய்மொழியாக வந்த பௌத்த மறைநூலான திரிபிடகத்தை கி.மு. 1ஆம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், பிக்குகள் ஓலையில் எழுதிய குகைகள் இங்கேதான். 1848இல் நாய்க்கும் துப்பாக்கிக்கும் வெள்ளைக்காரன் வரி போட, தம்புள்ளையில் கிளர்ச்சித் தலைவன் கொங்காலேகொட பண்டாவுக்கு முடிசூட்டிவிட்டு இதே வீதியால்தான் சனம் மாத்தளைக்கு இறங்கியது. அந்தக் கலவரத்தோடு இங்கிருந்த ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. இப்போதும் ஓலையில் எழுத்தாணியால் எழுதிக் காட்டுவார்கள்.

நான் அதிக நேரம் நிற்கச் சொல்வது டவுனில், முத்துமாரியம்மன் கோயிலில். 108 அடி இராஜகோபுரம், படம் எடுக்க எல்லாரும் அதற்குத்தான் வருவார்கள். ஆனால் கோபுரத்துக்கு முதுகைக் காட்டி, வந்த வீதியைக் கொஞ்சம் பாருங்கள். கோப்பிக் காலத்தில் தோட்ட வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிய எங்கள் ஆட்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே சுமார் 150 மைல் நடந்து மலையேறும் முன் வந்து சேர்ந்த ஊர் மாத்தளை. கொலராவிலும் காய்ச்சலிலும் வழியில் விழுந்தவர்களுக்குக் கல்லறைகூட இல்லை. உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் முதலில் கும்பிட்டது இந்த அம்மனைத்தான் என்று எங்கள் வீட்டுக் கிழவிகள் சொல்வார்கள். 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பி அழிந்தது. மேட்டில் தேயிலையும், இந்தப் பக்கம் கொக்கோவும் றப்பரும் வந்தன. நூறு வருசம் கழித்து, 1970களில் தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்கு மாறி, பஞ்சமும் அடிதடியும் வர, அவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் அதே வீதியால் வடக்கே திரும்பினார்கள். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் உங்கள் அயலில் இருப்பவர்களிடம் பூர்வீகம் கேட்டுப் பாருங்கள், மாத்தளை என்பார்கள் சிலர். 1983இல் கோயிலுக்கும் தீ வைத்தார்கள். சேதமானதை அதற்குப் பிறகு திருத்திக் கட்டினார்கள்.

நேரம் மிஞ்சினால் பல்லேஹாபுவித கிராமத்துக்கு ஓர் ஆட்டோ பிடியுங்கள். அரக்கை இளக்கி நூலாக இழுத்து, பெருவிரல் நகத்தாலேயே மரப்பிடிகளில் கோலம் போடும் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. ரிவஸ்டன் மலைக்குப் போவதென்றால் றத்தோட்டை வழியாக, விடிந்ததும். மத்தியானத்துக்கு மேல் முகில் மூடினால் முன்னால் போகிறவர் தெரியமாட்டார். அட்டைக்கடிக்கு உப்பும் சவர்க்காரமும் கையில் இருக்கட்டும். மாசி மகத்தை ஒட்டி வருவதாக இருந்தால் தங்குமிடத்தை இப்போதே பேசிவையுங்கள்; அம்மன் கோயிலின் ஐந்து தேரும் வீதிக்கு வரும் அன்று டவுனுக்குள் ஒரு வாகனமும் அசையாது.