பர்மாக் கதை இன்றைக்கு உதவுமா?

கொரோனாவையே யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, அப்புறம் வீட்டில் ஐயா சொல்கிற, செட்டியார்கள் பர்மாவில் சொத்தை இழந்த கதை எதற்கு, சேமிப்பு முழுவதையும் துபாயில் நண்பர் கடையில் போடலாமா என்று காரைக்குடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

அடுத்து என்ன வரும் என்று வரலாறு சொல்லாதுதான். ஆனால் அடி விழுந்தால் எது முதலில் உடையும் என்று ஓரளவு காட்டும். 1930இல் கீழ் பர்மாவின் (தெற்குப் பகுதி) முக்கிய நெல் மாவட்டங்களில், விவசாயிகளுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்த செட்டியார்களிடம் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம். நெல் விலை சரிந்து, கடன் வாங்கியவர்கள் கட்ட முடியாமல் போக, அடமான நிலம் கடன் கொடுத்தவர்கள் கைக்கு வந்து, 1937வாக்கில் அது 25 சதவீதத்தைத் தொட்டது. கணக்கில் சொத்து கூடியது. ஆனால் நினைத்த நேரத்தில் காசாக்க முடியாத சொத்து, அதுவும் ஒரே நாட்டில். 1942இல் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தது, 1948இல் நிலத்தை அரசே எடுத்துக்கொள்ள வழி செய்யும் நிலத் தேசியமயச் சட்டம் வந்தது. ஜப்பான் வரும் என்று யாரும் ஜோசியம் பார்த்திருக்க வேண்டியதில்லை. எல்லாம் ஒரே இடத்தில் முடங்கியதுதான் ஆபத்து.

நண்பரிடம் ஒன்றைக் கேளுங்கள்: நாளைக்கே பணம் வேண்டுமென்றால் எத்தனை மாதத்தில் கிடைக்கும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். மழுப்பினால் கொடுக்காதீர்கள். தெளிவாகச் சொன்னாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.