மூன்று ஊரா, ஓர் ஊரா? இத்தாலி மலையூர்கள்: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, ஃபிளாரன்சில் தங்கிக்கொண்டு சியன்னா, சான் ஜிமிஞானோ, பியென்சா மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாமா?

பதில்: பார்க்கலாம் தம்பி, பஸ் ஜன்னல் வழியாக! சான் ஜிமிஞானோவையே எடுத்துக்கொள்ளுங்கள். பணக்காரக் குடும்பங்கள் போட்டி போட்டுக் கட்டிய கோபுர வீடுகள் ஒரு காலத்தில் எழுபதுக்கு மேல் இருந்தனவாம். இன்று நிற்பவை 14. பகல் 11 மணிக்குப் போனால் கோபுரத்தைவிடத் தலைகள்தான் அதிகம் தெரியும். சாயங்காலம் சுற்றுலா பஸ்கள் கிளம்பின பிறகு அதே ஊர் வேறு ஊராகிவிடும். அங்கே ஓர் இரவு தங்குங்கள், சியன்னாவுக்கு ஒரு முழு நாள் கொடுங்கள். பியென்சா அடுத்த முறைக்கு இருக்கட்டும்.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. மலையூர் என்றாலே பயமாக இருக்கிறது. எது சரிவரும்?

பதில்: ஒர்வியேத்தோ. ரோமிலிருந்து ரயிலில் ஒன்று, ஒன்றரை மணி நேரம். ஸ்டேஷனுக்கு எதிரிலேயே இழுவை ரயில். பாறை உச்சிக்கு ஏற்றிவிடும். மேலே ஊர் பெரும்பாலும் சமதரைதான். 1290-இல் கட்டத் தொடங்கிய பேராலயம் வரை பஸ்ஸும் உண்டு. புனித பாட்ரிக் கிணற்றை மட்டும் அம்மா மேலிருந்தே எட்டிப் பார்க்கட்டும், நீங்கள் இறங்குங்கள். 1527-இல் ரோம் சூறையாடப்பட்டபோது இங்கே தஞ்சம் புகுந்த ஏழாம் கிளமென்ட் பாப்பரசர், முற்றுகை வந்தால் தண்ணீர் வேண்டுமே என்று வெட்டச் சொன்னது. ஐம்பது மீட்டருக்கு மேல் ஆழம். ஒன்றையொன்று தொடாமல் சுழலும் இரண்டு படிவழிகள், ஒவ்வொன்றிலும் 248 படி. வெறும் பீப்பாயோடு இறங்கும் கழுதையும் தண்ணீரோடு ஏறும் கழுதையும் எதிரெதிரே முட்டிக்கொள்ளாது! சுவர் ஜன்னல் வழியாகப் பார்த்தால், எதிர்ப்பக்கம் ஏறுகிறவர் தெரிவார். ஆனால் கடைசி வரை அவரைச் சந்திக்க மாட்டோம்.

சிவிதா தி பாஞோரேஜியோ அருகில்தான். ஆனால் ஊருக்குள் போக நீண்ட நடைபாலம் ஒன்றுதான் வழி, முடிவில் செங்குத்து ஏற்றம். அம்மாவுக்கு வேண்டாம்.

கேள்வி: சுத்த சைவம். பட்டினியா?

பதில்: இல்லவே இல்லை. சியன்னா பக்கம் பீச்சி என்ற பாஸ்தா கேளுங்கள். கோதுமை மாவும் தண்ணீரும் கொஞ்சம் எண்ணெயும் சேர்த்துப் பிசைந்து, பலகையில் உள்ளங்கையால் உருட்டி நீட்டுவார்கள். கைமுறுக்கு சுற்றப் பழகின கை பார்த்தால் சிரிக்கும்: ஒரே கம்பி ஓரிடத்தில் தடிப்பு, ஓரிடத்தில் மெலிவு. அந்த ஏற்றத்தாழ்வில்தான் குழம்பு ஒட்டும். 'அல்யோனே' என்றால் பெரிய பூண்டும் தக்காளியும், அதையே வாங்குங்கள். ரிபொல்லீத்தா என்ற பீன்ஸ், கீரை, பழைய ரொட்டி சூப்பில் சில கடைகளில் பன்றி இறைச்சி சேரும், கேட்டுக்கொள்ளுங்கள். சீஸ் விஷயத்தில் கறாரானவர் என்றால், பார்மிஜானோவைக் கன்றின் இரைப்பை நொதியால்தான் உறைய வைக்கிறார்கள். பெக்கொரீனோவுக்கும் பெரும்பாலும் கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் நொதிதான்.

கேள்வி: ரொட்டியில் உப்பே இல்லை. மறந்துவிட்டார்களா?

பதில்: தொஸ்கானா, உம்ப்ரியா என்ற இந்த இரண்டு வட்டாரங்களிலும் அப்படித்தான். 1540-இல் பாப்பரசர் உப்பு வரியை ஏற்றினார், அவர் ஆட்சியில் இருந்த உம்ப்ரியாவின் பெரூஜா மக்கள் கோபத்தில் உப்பையே விட்டார்கள் என்று கதை சொல்வார்கள். பாப்பரசர் ஆளாத ஃபிளாரன்சிலும் அதே ரொட்டிதானே? எனக்கு நம்பிக்கை இல்லை. உப்புக் கரிக்கும் ஹாமுக்கும் சீஸுக்கும் அது தோது. நாம் சோற்றில் உப்பா போடுகிறோம்?

கேள்வி: கார் எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம், ஆனால் மதிலுக்கு வெளியே நிறுத்துங்கள். 'சோனா ஆ திராஃபிக்கோ லிமிதாத்தோ' (அனுமதி இல்லாத வண்டிகள் நுழையக் கூடாத பகுதி) என்ற பலகையைக் கவனிக்காமல் நான் ஒரு சிற்றூருக்குள் நுழைந்தேன். கேமரா பிடித்துவிட்டது, பல மாதம் கழித்து வீட்டுக்கே அபராதச் சீட்டு வந்தது.

கேள்வி: மத்தியானம் 3 மணிக்கு ஒரு சாப்பாட்டுக் கடையும் திறக்கவில்லையே?

பதில்: அடுப்பை இரண்டரைக்கு அணைத்துவிடுவார்கள். மறுபடி ஏழரைக்குத்தான். இடையில் பாரில் (அங்கே பார் என்றால் காபிக்கடையும்தான்) நின்றுகொண்டே காபி குடியுங்கள். உட்கார்ந்தால் விலை ஏறலாம். பில்லில் 'கோபெர்தோ' என்று தலைக்கு இரண்டு மூன்று யூரோ இருந்தால் சண்டைக்குப் போகாதீர்கள், அது இலைபோட்ட கூலி மாதிரி.